பார்லிப் பயிரில் இலைத் துரு: பூஞ்சணத்தின் மாற்றமும் எதிர்ப்பு ரகங்களும்

தமிழ்நாட்டில் பார்லி என்றவுடன் பெரும்பாலோர்க்கு நினைவுக்கு வருவது காய்ச்சல்காரருக்குக் கொடுக்கும் கஞ்சித் தண்ணீரே ஆகும். வால் போன்ற நீண்ட கூர் உடைமையால் வாற்கோதுமை எனவும் பெயர் பெற்ற இத்தானியம், கோதுமையோடு ஒப்ப மிகப் பழமையானது. இராஜஸ்தானத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் இதனை 'ஜௌ' என்பர். நீர் குறைந்த நிலத்திலும், சிறிது உவர் ஏறிய நிலத்திலும், கோதுமை தளர்ந்து நிற்கும் இடத்தில் இது நின்று விளையும். 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தியாவில் 30 இலட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் பார்லி பயிராயிற்று. பாசன வசதி பெருகிக் கோதுமை பரவியதால் இப்பரப்பு இன்று ஆறேழு இலட்சம் ஹெக்டேராகச் சுருங்கியுள்ளது. எனினும் மால்ட் தொழிலுக்கும், கால்நடைத் தீவனத்திற்கும், வறண்ட நிலத்துக் குடியானவனின் உணவுக்கும் இது இன்றியமையாத பயிராகவே இருந்து வருகிறது.

இப்பயிரைத் தாக்கும் நோய்களுள் துரு நோய்கள் தலைமையானவை. வட இந்தியாவில் பார்லிக்கு மிகுந்த கேடு செய்வது மஞ்சள் துருவாகும். ஆனால் மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளிலும், ஐரோப்பாவிலும், ஆஸ்திரேலியாவிலும், அமெரிக்காவின் சில மாகாணங்களிலும் குடியானவரின் உள்ளத்தில் அச்சத்தை விளைப்பது இலைத் துரு. மற்றத் துருக்களைக் காட்டிலும் இதன் கொப்புளங்கள் சிறியவை. ஆதலின் இதனைக் 'குட்டைத் துரு' என்று அழைத்தவர்களும் உண்டு. உருவில் சிறியதாயினும் கேட்டில் சிறியதன்று. எளிதில் நோய்ப்படும் ரகத்தைப் பருவத்தின் தொடக்கத்திலேயே இது பற்றிக் கொண்டால், விளைச்சலில் பாதிக்கு மேலும் இழப்பு நேர்ந்ததுண்டு. பச்சையம் அழிந்த இலை மணிக்கு மாவுப் பொருளை ஊட்ட இயலாது. மணி சுருங்கிப் பதர் ஆகிறது. அத்தகைய மணி மால்ட் செய்யவும் உதவாது.

நோய் கண்ட வயலில் நடந்து சென்றவரின் வேட்டிக் கரை ஆரஞ்சுப் பழுப்பு நிறத்தில் கறைபடும். அந்தக் கறையே இக்கட்டுரையின் பொருள். அது வெறும் தூள் அன்று. உயிருள்ள சிதல்களின் திரள். அத்திரளில் உள்ள சிதல்கள் யாவும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். உருப்பெருக்கியின் கீழ் வைத்தாலும் வேறுபாடு தெரியாது. ஆனால் அவற்றுள் ஒன்று, நேற்றுவரை எந்தத் துருவாலும் தீண்டப்படாதிருந்த ஒரு ரகத்தை வீழ்த்தும் வல்லமை பெற்றதாக இருக்கக்கூடும்.

சிதலின் வாழ்வு

இலைத் துருவை உண்டாக்கும் பூஞ்சணத்திற்குப் 'பக்சீனியா ஹோர்டியை' என்று பெயர். உயிருள்ள பசுந்திசுவில் மட்டுமே இது உண்டு வாழும். மண்ணிலோ சாணக் குவியலிலோ வளராது. இதன் துருச் சிதல் ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு அளவே உடையது. காற்றில் மிதந்து வந்து பார்லி இலையில் படியும் சிதல், இரவில் பனி ஈரம் சில மணி நேரம் நின்றால் முளைவிட்டு, இலைத்துளை வழியே உள்ளே நுழைகிறது. பகல் வெப்பம் 15 முதல் 22 டிகிரி செண்டிகிரேடு வரை இருப்பின் எட்டுப் பத்து நாட்களில் இலைத் தோலைக் கிழித்துக்கொண்டு புதுக் கொப்புளம் வெளிப்படும். அதிலிருந்து ஆயிரக்கணக்கான சிதல்கள் உதிரும். ஒரு பருவத்திற்குள் இச்சுழற்சி ஐந்தாறு முறை நிகழ்ந்துவிடும்.

பயிர் முற்றும் காலத்தில் கொப்புளங்கள் கருநிறம் பெறும். அவற்றில் தோன்றுவது வேறு வகைச் சிதல். அது பார்லியைத் தாக்காது. அறுத்த தாளில் தங்கிக் கோடையைக் கழித்து, மழை பெய்ததும் முளைத்து, முற்றிலும் வேறான ஒரு செடியைப் போய்ப் பற்றும். அச்செடி எது என்பது நெடுநாள் அறியப்படாதிருந்தது. 1914ஆம் ஆண்டில் ருஷ்ய நாட்டு ஆராய்ச்சியாளர் டிரான்ஸ்ஷெல், அது 'ஆர்னிதோகாலம்' என்னும் வெண்ணிறப் பூவுடைய கிழங்குச் செடி என்பதைக் கண்டறிந்தார். ஆறிதழ் விரித்து விண்மீன்போல் பூப்பதால் மேனாட்டில் இதனைப் 'பெத்லகேம் நட்சத்திரம்' என்று வழங்குவர். ஒரு களைச்செடியின் இலைமீது நிகழும் இந்த இரண்டாம் வாழ்வுதான் பின்னர் இனவிருத்தியாளரின் உழைப்பையெல்லாம் அலைக்கழித்தது. அதனைச் சொல்லுமுன், துருவின் இனங்களைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஒரு பூஞ்சணம், பல இனங்கள்

1905ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பிபன் என்பவர், கோதுமையில் மஞ்சள் துருவுக்கு எதிர்ப்புச் சக்தி மெண்டலின் விதிகளின்படி பரம்பரையாக இறங்குகிறது எனக் காட்டினார். எதிர்ப்புடைய ரகத்தோடு கலப்புச் செய்து, நல்ல வழித்தோன்றலைத் தெரிந்தெடுத்தால் போதும். துருவின் கதை முடிந்துவிடும் என்று பலர் எண்ணினர். அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. ஓரிடத்தில் நோயின்றி நின்ற ரகம் வேறோரிடத்தில் நோய்ப்பட்டது. ரகம் தன் குணத்தை இழந்துவிட்டதோ என்று ஐயுற்றவர்களும் உண்டு. 1917ஐ ஒட்டி அமெரிக்காவின் மின்னிசோட்டாவில் ஸ்டாக்மனும் அவருடைய தோழர்களும் உண்மையை வெளிப்படுத்தினர்: மாறியது ரகம் அன்று, துரு. உருவில் ஒன்றாகவும் தாக்குந்திறனில் வெவ்வேறாகவும் உள்ள பல இனங்கள் ஒரே பூஞ்சணத்துள் அடங்கியிருக்கின்றன என்று அவர்கள் கோதுமைக் கருந்துருவில் நிறுவினர்.

பார்லியின் இலைத் துருவிலும் இதுவே நிலை என்பது விரைவில் தெரிந்தது. 1927இல் ஆஸ்திரேலியாவின் வாட்டர்ஹவுஸ், இத்துருவுக்கு எதிரான சக்தி பார்லியில் எவ்வாறு பரம்பரையாக இறங்குகிறது என்பதை ஆராய்ந்து வெளியிட்டார். 1952இல் அமெரிக்காவில் லெவின், செரெவிக் என்னும் இருவர் ஐம்பதுக்கு மேற்பட்ட இனங்களைப் பட்டியலிட்டனர்.

கண்ணுக்குத் தெரியாத வேறுபாட்டைக் கண்டறிவது எவ்வாறு? வழி எளியது, பொறுமைதான் வேண்டும். ஒவ்வொன்றும் வெவ்வேறு எதிர்ப்பு ஜீனை உடைய சில பார்லி ரகங்களைத் தனித்தனிச் சட்டிகளில் முளைக்கவைப்பர். இவற்றை 'வேறுபடுத்திக் காட்டும் ரகங்கள்' எனலாம். சூடான், பெருவியன், எஸ்டேட், கோல்டு, மாக்னிஃப், பொலிவியா, செபாடா காப்பா, எகிப்து 4, ஹார் 2596, டிரையம்ஃப் என்று அவற்றின் பெயர்களைக் கேட்டாலே, இவ்வெதிர்ப்புச் சக்திகளைத் தேடி உலகின் எந்தெந்த மூலைக்கெல்லாம் சென்றார்கள் என்பது விளங்கும். முதல் இலை விரிந்ததும், வயலிலிருந்து வந்த துருவை அதன்மேல் தடவி, நீர் தெளித்து, ஓர் இரவு ஈரக் கூண்டில் மூடிவைப்பர். பத்துப் பன்னிரண்டு நாட்கள் கழித்துப் பார்த்தால் சில ரகங்களின் இலையில் கொழுத்த கொப்புளங்கள் நிறைந்திருக்கும். சிலவற்றில் ஊசியால் குத்தியது போன்ற வெளிறிய புள்ளி மட்டும் இருக்கும். அந்தப் புள்ளிதான் எதிர்ப்பின் அடையாளம். துரு நுழைந்த இடத்துத் திசு, தன்னைத் தானே மாய்த்துக்கொண்டு, பகைவனையும் பட்டினியால் மடியச் செய்திருக்கிறது.

பத்து ரகங்களில் ஒவ்வொன்றும் 'நோய்ப்பட்டது', 'நோய்ப்படவில்லை' என்னும் இரு விடைகளுள் ஒன்றைத் தரும். ஆகவே இப்பத்தைக் கொண்டு பிரித்தறியக்கூடிய இனங்களின் எண்ணிக்கை 1,024. இத்தனை இனங்களுக்கும் பெயர் சூட்டுவது இயலாதாகையால், 1973இல் கில்மோர் என்பவர் ஓர் எண்முறையை வகுத்தார். ரகங்களை மூன்று மூன்றாகப் பிரித்து, மூன்றுக்கும் முறையே 1, 2, 4 என மதிப்பளித்து, நோய்ப்பட்டவற்றின் மதிப்பை மட்டும் கூட்டுவது அம்முறை. முதலாவதும் மூன்றாவதும் நோய்ப்பட்டால் 5. மூன்றும் நோய்ப்பட்டால் 7. இவ்வாறு கிடைக்கும் இலக்கங்களின் வரிசையே அவ்வினத்தின் பெயராகிறது. பெயரைப் படித்தாலே அது எவ்வெவற்றை வெல்லும் என்பது புலனாகும். ஆசிரியர்கள் இதனை வகுப்பில் கணக்காகவே போட்டுக் காட்டலாம். மாணவர்களுக்குச் சலிப்புத் தோன்றாது.

பூட்டும் சாவியும்

இனங்கள் எவ்வாறு தோன்றுகின்றன என்பதற்கு விளக்கம் தந்தவர் அமெரிக்காவின் வடக்கு டக்கோட்டாவில் பணியாற்றிய பிளோர். ஆளியைத் தாக்கும் துருவை அவர் எடுத்துக்கொண்டார். பயிரை ஆராய்பவர்கள் பயிரையே கலப்புச் செய்து வந்த காலத்தில், அவர் பயிரையும் கலப்புச் செய்தார். துருவையும் கலப்புச் செய்தார். 1940களிலும் 1950களிலும் அவர் வெளியிட்ட முடிவு இது: பயிரில் உள்ள ஒவ்வோர் எதிர்ப்பு ஜீனுக்கும் நேராகத் துருவில் ஒரு ஜீன் உண்டு. துருவின் அந்த ஜீன் இயங்கும்வரை பயிர் அதனை அடையாளம் கண்டு தடுத்துவிடும். அந்த ஜீன் பழுதுபட்டாலோ அழிந்தாலோ, பயிரின் காவல் பகைவனைக் காணாமல் விட்டுவிடும்.

இதில் கருதத்தக்கது ஒன்று உண்டு. துரு புதிதாக ஓர் ஆயுதத்தைச் செய்துகொள்ளவேண்டியதில்லை. தன்னைக் காட்டிக்கொடுக்கும் அடையாளத்தை இழந்தாலே போதும். ஒன்றைச் செய்வதினும் இழப்பது எளிது. ஒற்றை ஜீனை நம்பிய ரகங்கள் வியப்பூட்டும் விரைவில் வீழ்வதற்கு இதுவே காரணம்.

ஓர் எண்ணிக்கையைக் கொண்டு இதனை விளக்கலாம். ஒரு ஹெக்டேரில் 20 இலட்சம் பார்லிச் செடிகள் நிற்பதாகவும், செடிக்கு ஐந்து கொப்புளம் உள்ளதாகவும், ஒவ்வொரு கொப்புளமும் நாளொன்றுக்கு ஆயிரம் சிதல்களை உதிர்ப்பதாகவும் வைத்துக்கொள்வோம். இது கடுமையான நோய் அன்று. மேலோட்டமாகப் பார்ப்பவர் பொருட்படுத்தாது போகும் அளவே. அந்நிலையிலும் ஒரே நாளில் ஆயிரம் கோடி சிதல்கள் காற்றில் கலக்கும். குறிப்பிட்ட ஒரு ஜீனில் மாற்றம் நேர்வது பத்து இலட்சத்தில் ஒரு சிதலில் என்று கொண்டாலும், அந்த ஒரு ஹெக்டேரிலிருந்து நாள்தோறும் பதினாயிரம் மாறிய சிதல்கள் புறப்படுகின்றன.

நல்ல வேளையாக, இக்கணக்கிற்கு ஒரு தடை உண்டு. துருச் சிதலில் உட்கரு ஒன்றன்று, இரண்டு. ஒவ்வொரு ஜீனும் இரு படிகளாக உள்ளது. ஒரு படி பழுதுபட்டாலும் மற்றொன்று காட்டிக்கொடுத்துவிடும். எனவே மாற்றம் வெளிப்பட இரண்டும் பழுதாகவேண்டும். ஒரு படி மட்டும் பழுதான சிதல்கள் தம் புதிய திறனை மறைவாகச் சுமந்துகொண்டு, தலைமுறை தலைமுறையாகப் பார்லி வயல்களில் அலைகின்றன.

ஆர்னிதோகாலம் செடியின் இலைமீது இம்மறைவு நீங்குகிறது. அங்கே துரு ஒற்றை உட்கருவுடைய நிலைக்குப் பிரிந்து, பின் கூடுகிறது. 1927இல் கனடாவில் கிரேகி என்பவர், துருவின் இந்நிலை அதன் பாலினச் சேர்க்கையே எனக் கோதுமைக் கருந்துருவில் கண்டறிந்தார். இச்சேர்க்கையில் பழுதான படிகள் இரண்டும் ஒரே சிதலில் சந்திக்கும் வாய்ப்பு ஏற்படுகிறது. வெவ்வேறு வயல்களிலிருந்து வந்த துருக்கள் தம் திறன்களைப் பரிமாறிக்கொள்கின்றன. ஆண்டுக்கணக்கில் தற்செயலாக நிகழவேண்டிய மாற்றம் ஒரே மழைக்காலத்தில் நிகழ்ந்துவிடுகிறது.

இஸ்ரேலில் அனிக்ஸ்டர், வால் ஆகிய இருவரும் மற்றும் பலரும் இதனைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தனர். அந்நாட்டுக் குன்றுகளில் காட்டுப் பார்லியும், ஆர்னிதோகாலமும், துருவும் மனிதன் உழத்தொடங்குமுன்பிருந்தே அடுத்தடுத்து வாழ்ந்து வருகின்றன. மாரிக்கால முதல் மழையில் கிழங்கு துளிர்க்கும்போதே சென்ற ஆண்டுத் தாளில் உறங்கிய சிதலும் விழிக்கிறது. இரண்டும் ஒரே மணியோசைக்கு எழுவதைப்போன்ற இந்த ஒழுங்கு நெடுங்கால உறவின் விளைவாகும். அங்குள்ள துருவில் தாக்குந்திறனின் வகைகள் மிகுதி. அதே காரணத்தால் அங்குள்ள காட்டுப் பார்லியில் எதிர்ப்புச் சக்தியின் வகைகளும் மிகுதி. நோயின் விளைநிலமும் மருந்தின் விளைநிலமும் ஒன்றாக அமைந்தது இனவிருத்தியாளருக்குக் கிடைத்த பேறு என்றே சொல்லவேண்டும்.

இவ்வாபத்து இஸ்ரேலோடு நிற்கவில்லை. தெற்கு ஆஸ்திரேலியாவின் யார்க் தீபகற்பத்தில், வேற்று நாட்டிலிருந்து வந்து களையாகிவிட்ட ஆர்னிதோகாலத்தின்மீது இத்துருவின் இரண்டாம் வாழ்வு நிகழ்வதை 1992இல் அறிவித்தனர்.

செபாடா காப்பாவின் கதை

பார்லியில் இலைத் துருவுக்கு எதிரான ஜீன்களை 'ஆர்.பி.எச்.' என்னும் எழுத்துக்களோடு எண்ணும் சேர்த்துக் குறிப்பிடுவர். இன்றுவரை முப்பதுக்குச் சற்றுக் குறைவான ஜீன்களுக்கு இவ்வாறு பெயரிடப்பட்டுள்ளது. அவற்றுள் ஏழாவது, செபாடா காப்பா என்னும் ரகத்தில் உள்ளது. பழைய எஸ்டேட், பெருவியன் ஆகியவற்றின் ஜீன்களைத் துரு வென்றபின்னும், செபாடா காப்பா ஏறத்தாழ எல்லா இனங்களுக்கும் எதிரே தூயதாய் நின்றது. ஆகவே இனவிருத்தியாளர் பலர் அதனைத் தாயாகவோ தந்தையாகவோ கொண்டு கலப்புச் செய்தனர். அக்காலத்தில் அவர்களுடைய நம்பிக்கையைக் குறைகூற இடமில்லை. சோதனைக் கூடத்தில் பல நாட்டு இனங்களையும் தாங்கிய ஜீனை நம்பாமல் வேறு எதனை நம்புவது?

1978இல் இஸ்ரேலிலிருந்து செய்தி வந்தது: செபாடா காப்பாவை நோய்ப்படுத்தும் புதிய இனம் ஒன்று அங்கே கண்டெடுக்கப்பட்டது. அதன்பின் மொராக்கோவிலும் அத்திறன் தெரியவந்தது. அமெரிக்காவில் இந்த ஏழாம் ஜீனையுடைய ரகங்கள் பயிரிடப்பட்ட பகுதிகளிலும் அதனை வெல்லும் இனங்கள் தோன்றியிருப்பதை 1993இல் வெளியிட்டனர். எஸ்டேட்டின் மூன்றாம் ஜீனும் இவ்வழியே சென்றது. ஐரோப்பாவில் அதன் காவல் முன்னரே உடைந்திருந்தது. ஆஸ்திரேலியாவில் பல ரகங்கள் அதனையே நம்பியிருந்தன. 2009இல் அங்கும் அதனை வெல்லும் இனம் தென்பட்டது. விதை வாங்கி விதைத்த குடியானவனுக்கு இந்த ஜீன்களின் வரலாறு தெரியாது. சென்ற ஆண்டு மருந்து தெளிக்கத் தேவையில்லாதிருந்த அதே விதை, இவ்வாண்டு மருந்துச் செலவைக் கேட்கிறது என்பதே அவன் அறிந்தது.

இரண்டு ஜீன்களை ஒரே ரகத்தில் சேர்த்துவிட்டால் என்ன என்னும் கேள்வி இயல்பாக எழும். மேலே கூறிய கணக்கின்படி பார்த்தால், இரு மாற்றங்களும் ஒரே சிதலில் ஒருங்கே நேர்வது இலட்சம் கோடியில் ஒன்று. நாளுக்கு ஆயிரம் கோடி சிதல் உதிர்க்கும் ஒரு ஹெக்டேரில் அதற்கு நூறு நாள் காத்திருக்கவேண்டும். அதற்குள் பயிர் அறுவடையாகிவிடும். பரப்பு பல ஆயிரம் ஹெக்டேராகும்போது இப்பாதுகாப்பு குறையும் என்றாலும், ஒற்றை ஜீனைவிட இது பன்மடங்கு மேலானது. ஆனால் இங்கே ஒரு பெருந்தவறு நேர்வதுண்டு. இரு ஜீன்களுள் ஒன்றை மட்டும் உடைய வேறொரு ரகம் பக்கத்து வட்டாரத்தில் பயிராகுமானால், துரு அங்கே முதற்படியை ஏறி, அடுத்து இங்கே வந்து இரண்டாம் படியை ஏறும். எந்த ஜீனை எங்கே விதைப்பது என்பதில் விதைத் துறையும், ஆராய்ச்சி நிலையங்களும், அண்டை மாநிலங்களும் ஒரு மனத்தோடு நடக்காவிட்டால், சேர்த்துவைத்த ஜீன்கள் ஒவ்வொன்றாகச் செலவழிந்துபோகும். பல நாடுகளில் நடந்ததும் அதுவே.

மெதுவாகத் துருப்பிடித்தல்

நெதர்லாந்தின் வாகனிங்கனில் பார்லெவ்லியெட் என்னும் அறிஞர் 1970களில் வேறு வழியில் சிந்தித்தார். 'வாடா' என்னும் ரகம் 1950களில் அந்நாட்டில் உருவானது. சோதனைச் சட்டியில் அதன் முதல் இலை நோய்ப்படும். ஆதலின் பழைய முறைப்படி அது எதிர்ப்பற்ற ரகமே. ஆனால் வயலில் அதன்மேல் துரு பெருகுவதில்லை. இந்த முரண்பாட்டை மற்றவர்கள் கண்டும் கடந்துபோயிருப்பார்கள். அவரோ ஒவ்வொரு நாளும் இலையில் தோன்றும் கொப்புளங்களை எண்ணினார்.

விடை காலத்தில் இருந்தது. சிதல் இலையில் படிந்ததிலிருந்து கொப்புளம் வெடிக்கும்வரை உள்ள நாட்களை மறைவுக்காலம் எனலாம். எல்.94 என்னும் எத்தியோப்பியப் பார்லியின் வளர்ந்த பயிரில் இது மிகக் குறுகியது. வாடாவில் ஏறத்தாழ அதன் இரு மடங்கை நெருங்கியது. அன்றியும் வாடாவில் படிந்த சிதல்களுள் குறைந்த பங்கே கொப்புளமாயிற்று. அக்கொப்புளமும் குறைந்த சிதல்களையே ஈன்றது. எதிர்ப்பு என்பது கதவை அடைப்பது மட்டுமன்று; உள்ளே வந்தவனை நடக்கவிடாமல் தாமதப்படுத்துவதும் எதிர்ப்பே.

தாமதத்தின் பயன் சிறிதெனத் தோன்றலாம். கணக்கிட்டால் அவ்வாறன்று. ஒரு கொப்புளம் ஒரு தலைமுறையில் பத்துக் கொப்புளங்களைத் தோற்றுவிப்பதாகவும், நோய் பெருகுதற்கு 48 நாட்கள் உள்ளதாகவும் கொள்க. மறைவுக்காலம் எட்டு நாளாயின் ஆறு தலைமுறைகள். ஒரு கொப்புளம் பத்து இலட்சமாகும். பதினாறு நாளாயின் மூன்று தலைமுறைகளே, ஆயிரத்தோடு நிற்கும். முதல் வயல் கருகும். இரண்டாம் வயலில் விளைச்சல் ஏறக்குறையக் குறையாது.

இத்தகைய எதிர்ப்பு, ஒவ்வொன்றும் சிறு பயனை உடைய பல ஜீன்களால் ஆனது. ஒன்றைத் துரு வென்றாலும் மற்றவை நிற்கும். ஆதலின் துருவுக்கு ஒரே பாய்ச்சலில் கிடைக்கும் ஆதாயம் இல்லை. எனினும் இதனையும் அழியாக் கவசம் என்று சொல்லிவிடக் கூடாது. 1977இல் பார்லெவ்லியெட் தாமே, குறிப்பிட்ட ஓர் இனம் குறிப்பிட்ட ஒரு ரகத்தில் சற்று மிகையாகப் பெருகுவதைக் கண்டு வெளியிட்டார். தாம் வகுத்த கொள்கைக்கு எதிரான சான்றைத் தாமே எடுத்துக்காட்டிய அவரது நேர்மை போற்றத்தக்கது.

2011இல் ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சியாளர்கள், வளர்ந்த பயிரில் மட்டும் வேலைசெய்யும் இருபதாம் ஜீனைப் பார்லியின் ஐந்தாம் குரோமோசோமில் குறித்துக் காட்டினர். அதன் வமிசத்தைப் பின்னோக்கித் தேடியபோது, வாடாவும் அதனோடு பிறந்த ரகங்களும் இருந்த குடும்பத்திற்கே அது இட்டுச் சென்றது. பல்லாண்டுகளாகப் பல தேசங்களில் மால்ட் பார்லி ரகங்களுக்கு இந்த ஜீன் ஒருவரும் அறியாமலே காவலிருந்திருக்கிறது. பின்னர் இருபத்து மூன்றாவதும், இருபத்து நான்காவதும் இதே வகையினவாக அறியப்பட்டன. இன்று ஜீனின் அருகிலுள்ள அடையாளக் குறிகளைக் கொண்டு, துருவே படாத இளம் நாற்றிலும் இவை உள்ளனவா என்று அறிய முடிகிறது. 2019க்குப் பின் முதலாவது, மூன்றாவது, பதினைந்தாவது முதலிய சில ஜீன்கள் தனியே பிரித்தெடுக்கவும் பட்டுள்ளன. மெதுவாகத் துருப்பிடிக்கும் ஜீன்களை அடித்தளமாகவும், கதவடைக்கும் ஜீன்கள் இரண்டு மூன்றை மேற்கூரையாகவும் வைத்துக் கட்டுவதே இன்றைய இனவிருத்தியாளர் விரும்பும் முறை.

இந்தியாவில்

நம் நாட்டில் தானியத் துருக்களின் ஆராய்ச்சி கரம் சந்த் மேத்தாவிடம் தொடங்குகிறது. ஆக்ரா கல்லூரிப் பேராசிரியரான அவர், 1950இல் மறையும்வரை கோதுமை, பார்லி ஆகியவற்றின் துருக்களைப் பின்தொடர்ந்தார். சமவெளியின் கோடை வெப்பத்தில் துருச் சிதல்கள் பிழைப்பதில்லை. ஆயினும் ஆண்டுதோறும் குளிர்காலப் பயிரில் துரு எங்கிருந்தோ வந்துவிடுகிறது. எங்கிருந்து என்பதே அவருடைய கேள்வி. மேனாட்டில் துருவுக்கு இடம் தரும் மாற்றுச் செடிகளுக்கு இந்தியாவில் பெரும் பங்கில்லை என்றும், மலைகளில் கோடையிலும் நிற்கும் பயிரிலும் தானே முளைத்த செடிகளிலும் துரு தங்கி, அங்கிருந்து காற்றில் இறங்குகிறது என்றும் அவர் முடிவு கண்டார். வடக்கே இமயம், தெற்கே நீலகிரியும் பழனி மலைகளும். படகர்கள் கோதுமையும் பார்லியும் பயிரிட்டு வந்த அந்த நீலகிரியிலிருந்து கோதுமைக் கருந்துரு மத்திய இந்தியாவரை சென்று சேரும் பாதையை, 1970களில் நாகராஜன் முதலியோர் செயற்கைக்கோளின் மேகப் படங்களைக் கொண்டும் தெளிவாக்கினர். வங்கக் கடலில் எழும் புயற்காற்று சிதலைச் சுமக்க, மழை அதனை வயலில் இறக்கிவைக்கிறது.

ஆகவே இந்தியாவில் துரு பெரும்பாலும் கலப்பின்றி, சிறு மாற்றங்களால் மட்டுமே புதிய இனங்களை ஈனுகிறது. இது இஸ்ரேலின் நிலைமையைவிட நமக்கு அனுகூலமானது. ஆனால் அனுகூலம் அளவோடு நிற்கும். 1995இல் வெளியான பி.பி.டபிள்யூ. 343 என்னும் கோதுமை ரகம் வடமேற்கு இந்தியாவில் இலட்சக்கணக்கான ஹெக்டேரில் பரவியது. 2001இல் அதனை வெல்லும் மஞ்சள் துரு இனம் ஒன்று தென்பட்டது. அடுத்த பத்தாண்டுக்குள் அந்த ரகத்தைக் கைவிட நேர்ந்தது. அதற்குக் களைச்செடியின் உதவி தேவைப்படவில்லை. ஒரே ரகத்தின் பரந்த பரப்பே போதுமானதாயிற்று.

மேத்தா சிம்லாவின் பிளவர்டேலில் நடத்திய ஆராய்ச்சிக் கூடம், கர்னாலில் உள்ள கோதுமை பார்லி ஆராய்ச்சி நிலையத்தின் கிளையாக இன்றும் இயங்குகிறது. நாட்டின் பல பகுதிகளிலிருந்து வரும் துரு மாதிரிகளை மேலே விவரித்த சட்டிச் சோதனைக்கு அங்கே உட்படுத்துகின்றனர். அக்கூடம் எத்துணைச் சிறந்ததாயினும், தன்னிடம் வந்து சேர்ந்த இலையை மட்டுமே அது சோதிக்க இயலும். புதிய இனம் முதலில் தோன்றுவது கூடத்தில் அன்று. ஏதோ ஒரு கிராமத்தின் வரப்போரத்தில். எதிர்ப்புடையதென வழங்கப்பட்ட ரகத்தில், மற்றச் செடிகள் தூயனவாய் நிற்க, ஓரிரு செடிகளில் மட்டும் கொழுத்த கொப்புளங்கள் காணப்படின், அதனை விதைக் கலப்பென்று தள்ளிவிடுவது வழக்கம். பல வேளைகளில் அது விதைக் கலப்பாகவே இருக்கும். ஒரு வேளை அவ்வாறன்றாயின், அறிந்துகொள்ளும் முதல் வாய்ப்பு அத்துடன் போய்விடுகிறது.

களப்பணியாளர் செய்யவேண்டியது அதிகமில்லை. கொப்புளம் புதிதாகவும் தூள் உதிர்வதாகவும் உள்ள இலைகளையே எடுக்கவேண்டும். கருநிறமடைந்தவை சோதனைக்கு உதவா. இலையை நீளவாட்டில் மடித்து நிழலில் ஈரம் உலரவிட்டுத் தாள் உறையில் இடவேண்டும். பிளாஸ்டிக் பையில் இட்டால் ஈரம் தங்கி, வழியிலேயே வேறு பூஞ்சணம் படர்ந்து துரு மடிந்துவிடும். ஒரே உறையில் இரண்டு ரகங்களின் இலைகளைச் சேர்ப்பதும் பயனற்றது. உறையின்மேல் பென்சிலால் எழுதவேண்டியவை: ரகத்தின் பெயர், கிராமமும் மாவட்டமும், எடுத்த தேதி, பயிரின் பருவம், வயலில் நோய் எத்தனை செடிகளில் இருந்தது என்னும் மதிப்பீடு. ரகம் இன்னதென்று உறுதியாகத் தெரியாவிடில், தெரியாது என்றே எழுதிவிடலாம். ஊகித்து எழுதப்பட்ட பெயர், இல்லாத புதிய இனம் ஒன்றை ஆராய்ச்சியாளர் தேடியலையும்படி செய்துவிடும்.